மூன்று இறக்கையோடு ஓடும் விசிறி

சென்ற மாதம் யட்டியாந்தோட்டை பஸ் நிலையத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஒரு கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு தோட்டத்தில் ஒரு பொம்பளை பிளாஸ்டிக் ஃபேனுக்குச் சூடம் கொளுத்தி அதை உருக்கிவிட்டாளாம். கேட்டவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பொம்பளை எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எனக்கு அடுத்த வீட்டுக்காரர். நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது கதையில் ஒரு துண்டுதான். மீதியை அவர் சொன்னதையும் மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் விஜயகலா. நாற்பத்திரண்டு வயது. நான் சித்தி என்று கூப்பிடுவேன். இங்கே பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். புருஷன் ஸ்ரீதரன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் ஸ்டோரில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மகள் கலைச்செல்வி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். லயத்து வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம்; ஒரு வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்து வேலையில் பேர் இருக்கும் வரைதான் அந்த வீட்டைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த வீட்டில் அந்த ஒரு பேர் விஜயகலாவுடையது. அதனால் வேலையை விட்டுவிடு என்று அவரிடம் சொல்வதில் அர்த்தம் இல்லை. அவர் கேட்டதெல்லாம் பெக்டரிக்குள்ளேயே வேறு ஓர் இடம்.

அவர் இருந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ரப்பர் பெக்டரிக்கு வரும் பாலில், கெட்டுப்போகாமல் இருக்க அமோனியா கலந்திருப்பார்கள். அதைப் பெரிய மெசினில் வேகமாகச் சுற்றினால் கெட்டிப் பால் ஒரு பக்கமும், தண்ணீர் மாதிரியான மெல்லிய பால் இன்னொரு பக்கமும் பிரியும். கெட்டிப் பால் பீப்பாயில் அடைத்து வெளிநாட்டுக்குப் போகும். மெல்லிய பாலுக்கு ஸ்கிம் என்று பெயர். அதிலும் கொஞ்சம் ரப்பர் இருப்பதால் வீசிவிட மாட்டார்கள். பின்னால் இருக்கும் கொட்டிலில் தொட்டிகளில் விட்டு, அசிட் ஊற்றி உறைய வைப்பார்கள். அமோனியா நிற்கும் பாலில் அசிட் விழும்போது தொட்டி சூடாகி ஒரு புகை எழும்பும். கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. தொண்டைக்குத்தான் தெரியும். முதல் தடவை உள்ளே போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடுவார்கள்.

அந்த ஸ்கிம் கொட்டிலில் விஜயகலா பதினொரு வருடம். அங்கே இரும்பு நிற்காது. கதவுக் கீல், வாளிக் காது, கூரையின் ஆணி எல்லாம் பிஸ்கட் மாதிரி உதிரும். அவருடைய தலைமுடி ஊசிகள்கூட இரண்டு வாரத்தில் சிவந்துவிடும். சுவரில் ஒரு பெரிய இரும்பு விசிறி இருந்தது. புகையை வெளியே தள்ள வேண்டும். புதிதாகப் பூட்டிய முதல் சில மாதம் தள்ளும். பிறகு இறக்கையைத் துரு தின்னத் தொடங்கும், ஓரம் கிழியும், சத்தம் போடும், ஒரு நாள் நின்றுவிடும். வெல்டிங் அடித்து ஓட்டுவார்கள். பெயின்ட் அடித்து ஓட்டுவார்கள். கடைசி இரண்டு வருடம் அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். விஜயகலா வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் இருமுவார். நடுவில் மெல்லிய சுவர்தான் என்பதால் நாங்கள் அந்த இருமலை வைத்து நேரம் தெரிந்துகொள்வோம். கேகாலை ஆஸ்பத்திரியில் டொக்டர், இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு அவர் பெக்டரி ஐயாவிடம் போனார். பெக்டரியை நடத்தும் அதிகாரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மேல்மாடியில் சோர்ட்டிங் அறை இருக்கிறது. காய்ந்த ரப்பர் ஷீட்டில் அழுக்குப் பட்ட இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கும் வேலை. ஜன்னல் உண்டு, உட்கார வாங்கு உண்டு, ரேடியோகூட உண்டு. அங்கே போட்டுவிடுங்கள் என்று கேட்டார். ஐயா கெட்டவர் இல்லை. உன் இடத்துக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வா, நாளைக்கே மாற்றுகிறேன் என்றார். யார் வருவார்கள்? சோர்ட்டிங்கில் இருக்கும் மேர்சியிடம் விஜயகலா பேசிப் பார்த்தார். மேர்சிக்கு இருபத்தாறு வயது. ஸ்கிம்முக்குக் கொஞ்சம் மேலதிகப் படி உண்டு, அது அவளுக்கு உதவும். அவள் சொன்ன பதில் இதுதான்.

"ஃபேன் ஒழுங்கா ஓடட்டும் அக்கா. அப்ப நான் வாறேன். இப்ப அந்த வாசல்ல நின்னாலே எனக்குப் பைபிள்ல வாற நரகம் ஞாபகம் வருது."

இப்படித்தான் விஜயகலாவின் விடுதலை ஒரு விசிறியில் போய் மாட்டிக்கொண்டது.

கடந்த ஓகஸ்ட் மாதம் பிளாஸ்டிக் விசிறி வந்தது. பால் வாங்கும் வெளிநாட்டுக் கம்பனியில் இருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது, அதனால்தான் துரை, அதாவது தோட்டத்து மனேஜர், சம்மதித்தார் என்று சொல்கிறார்கள். பெட்டி வந்த அன்று, நான்கு பேர் வேண்டும் என்று கூப்பிட்டு, ஒருவர் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். சாம்பல் நிறம், ஆறு இறக்கை, சுற்றிலும் அதே பிளாஸ்டிக்கில் ஒரு வளையம். ரோலர் மெசினில் வேலை செய்யும் மூக்கையா அதைத் தட்டிப் பார்த்து, "இது என்னா, புள்ள குளிப்பாட்டுற பேசனா?" என்று கேட்டார். அன்றைக்கு முழுவதும் அதற்குப் பேசன் என்றுதான் பெயர்.

அதைப் பூட்டியவர் பாக்கியநாதன். முப்பது வயது, நான்கு வருடமாகத் தற்காலிக எலக்ட்ரீசியன். டிசம்பரில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் இரண்டு நாள் எடுத்து, சுவர் ஓட்டையை நூல் பிடித்து அளந்து, இறக்கைக்கும் வளையத்துக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று ஒரு தீப்பெட்டி அட்டையை விட்டு விட்டுப் பார்த்துப் பூட்டினார். அசிட் தெறித்தாலும் ஒன்றும் ஆகாது, அமோனியாவும் ஒன்றும் செய்யாது, உப்புக் காற்றில்கூடப் பத்து வருடம் ஓடும் என்று விஜயகலாவிடம் சொன்னார். வளையத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. விஜயகலா சிங்களம் எங்களைவிட நன்றாகப் பேசுவார். வாசிக்க வராது.

சுவிட்சைப் போட்டபோது சத்தமே வரவில்லை, ஓடவில்லை என்று நினைத்தேன் என்று அவர் சொல்வார். பிறகு தொட்டியின் மேல் இருந்த புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரை நோக்கிப் போவதைப் பார்த்தாராம். அன்று அவர் வீட்டுக்கு வந்து இருமவில்லை. எங்கள் அம்மா சுவரைத் தட்டி, "விஜயா, வந்துட்டியா?" என்று கேட்டார்.

செப்டெம்பர் முழுவதும் ஓடியது. மேர்சி இரண்டு தடவை வந்து உள்ளே நின்று பார்த்தாள். நவம்பர் முதலாம் திகதி இருவரும் இடம் மாறுவது என்று பேச்சு முடிந்து, பெக்டரி ஐயாவும் சரி என்றார். விஜயகலா சோர்ட்டிங்குக்கு என்று ஒரு புதுக் கத்தரிக்கோல் வாங்கி வைத்தார். அங்கே கத்தரிக்கோல் தோட்டத்தில் கொடுப்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஒக்டோபர் முதலாம் திகதி ஆயுத பூசை வந்தது. எங்கள் பெக்டரியில் அன்றைக்கு மத்தியானத்தோடு எல்லா மெசினையும் நிறுத்திக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். ஒவ்வொரு மெசினிலும் ஒரு வெற்றிலை, அதன் மேல் ஒரு சூடம். மெசினைப் பார்க்கிறவர்தான் தன் மெசினுக்குக் கொளுத்த வேண்டும். அந்தச் சூடத்தை யாரும் அணைக்கக் கூடாது. ஊதக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. தானாக எரிந்து அடங்கும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும். பாதியில் அணைந்தால் அந்த வருடம் அந்த மெசின் கையைக் கேட்கும் என்று ஒரு பயம். ரோலரில் விரல் போனவர்கள் எங்கள் லயத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆகவே அதை விளையாட்டாக எடுப்பவர் யாரும் இல்லை.

பெரிய பூசை ரோலர் பக்கத்தில் நடக்கும். துரை வந்து தேங்காய் உடைப்பார். ஸ்கிம் கொட்டிலுக்கு யாரும் வர மாட்டார்கள், நாற்றம். பதினொரு வருடமும் விஜயகலா தனியாகத்தான் தன் விசிறிக்குச் சூடம் கொளுத்தினார். இரும்பு விசிறியின் வளையத்தில், கீழ்ப் பக்கத்தில், உட்காரும் பலகை மாதிரி ஓர் அகலமான இடம் இருந்தது. அங்கேதான் வைப்பார். புது விசிறியின் வளையத்திலும் அப்படி ஓர் இடம் இருந்தது. பாக்கியநாதன் அன்று இல்லை. அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். பூசை நாளில் மெசின் நின்றதும் மற்ற வேதக்காரர்களைப் போல வீட்டுக்குப் போய்விட்டார். அவர் நின்றிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

எப்போதும் ஒரு துண்டு வைப்பவர் அன்றைக்கு மூன்று துண்டு வைத்தார். முதல் துண்டு வழக்கத்துக்கு. மற்ற இரண்டும் எதற்கு என்று நான் கேட்டேன். ஒன்று இருமல் நின்றதற்கு, ஒன்று மேர்சி சம்மதித்ததற்கு என்றார்.

நின்ற விசிறியில் ஓர் இறக்கை நேராகக் கீழே தொங்கியபடி இருந்தது. சூடத்தின் சுடர் அதன் நுனியைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் நுனி பளபளத்தது. பிறகு மெழுகு மாதிரி வளைந்து கீழே இறங்கியது. விஜயகலாவின் காலடியில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. அவர் வாளியைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல புள்ள. ஊத்தினா சூடம் அணைஞ்சிரும். ஊத்தாட்டி ஃபேன் போயிரும். ரெண்டும் எனக்குத் தெரியுது. கைதான் வரல."

சூடம் தானாகவே அடங்கியது. அதற்குள் இறக்கையின் நுனி வளையத்தில் ஒட்டிவிட்டது. ஈரத் துணியால் பிடித்து இழுத்தார். நூல் மாதிரி நீண்டு வந்து அறுந்தது. நுனி கொக்கி போலத் திரும்பி, அப்படியே இறுகிப் போனது. வெற்றிலை இருந்த இடம் கறுத்துக் குழிந்திருந்தது. அவர் துடைத்தார், போகவில்லை. அதற்கு மேல் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தார். பூசை வைத்த மெசினில் சந்தனம் இருப்பதை யார் கேட்கப் போகிறார்கள்? கொஞ்சம்தானே வளைந்திருக்கிறது, ஓடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலையில் பாக்கியநாதன் எல்லா மெசினையும் போட்டுக்கொண்டு வந்து, கடைசியாக ஸ்கிம் விசிறியைப் போட்டார். டப் என்று ஒரே சத்தம். வளைந்த இறக்கை வளையத்தில் மோதி உடைந்து, உடைந்த துண்டு உள்ளேயே சுற்றி இன்னோர் இறக்கையையும் அடித்து எறிந்தது. ஒரு துண்டு பறந்து தொட்டிக்குள் விழுந்தது. விஜயகலா அப்போது வாசலில் நின்றார்.

துரை வந்து பார்த்தார். பிளாஸ்டிக் விசிறிக்கு ஒரு வருட உத்தரவாதம் இருந்தது. விற்ற கம்பனிக்கு டெலிபோன் எடுத்தார்கள். சனிக்கிழமை ஆள் வருவதாகச் சொன்னார்கள். செய்ததில் பிழை என்றால் புதிது தருவார்கள். பூட்டியதில் பிழை என்றால் தர மாட்டார்கள். துரைக்கு முதலிலேயே பாக்கியநாதன் மேல் சந்தேகம். இறக்கை வளையத்தில் உரசும்படி கோணலாகப் பூட்டியிருக்கிறான், உரசிய சூட்டில்தான் நுனி உருகியிருக்கிறது என்றார். சனிக்கிழமை வரை வீட்டில் இரு என்று அவரை அனுப்பிவிட்டார்கள். தற்காலிக ஆளுக்கு வீட்டில் இரு என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

விஜயகலா விசிறி இல்லாத கொட்டிலுக்கு மறுபடியும் போனார். இருமல் மறுபடியும் வந்தது. அவர் மனதுக்குள் வைத்திருந்த ஒரே கணக்கு இதுதான்: கம்பனி ஆள் வந்து, எங்கள் பிழைதான், புதிதாகத் தருகிறோம் என்று சொல்லிவிட்டால் பாக்கியநாதனும் தப்புவார், தானும் தப்பலாம். அதற்குத் தேவையானது தான் பேசாமல் இருப்பது மட்டும். இது நடக்கக்கூடிய காரியமாகத்தான் அவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், லயத்துக்குப் பொதுவான பீலியில் விஜயகலா தண்ணீர் பிடிக்கப் போனபோது பாக்கியநாதனின் மனைவி தெரேசம்மா அங்கே நின்றார். நானும் குடத்தோடு வரிசையில் நின்றேன். விஜயகலா நலம் விசாரித்தார். தெரேசம்மா சண்டைக்கு வருவார் என்று நான் பயந்தேன். அவர் சிரித்தார், களைத்துப் போன சிரிப்பு.

"அவருக்கு என்னா ஆச்சுன்னு தெரியல அக்கா. எங்க வீட்டு அடுப்படிச் சொவத்துல கரியால வட்டம் போட்டு வச்சிக்கிட்டு, காலையில இருந்து நூலு புடிச்சு அளக்குறாரு. அளந்து அளந்து, இங்கதான் கால் இஞ்சி விட்டுட்டேன், நான்தான் பிழை செஞ்சிட்டேன்னு சொல்றாரு. பிழையே செய்யாட்டியும் செஞ்சேன்னு நாளைக்குத் துரைகிட்டயே சொல்லிருவாரு போல."

விஜயகலாவின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான்தான் எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை கம்பனியில் இருந்து வந்தவர் பெயர் அப்ஹம். மாவனல்லைப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். கொட்டிலில் துரை, பெக்டரி ஐயா, வரச் சொல்லியிருந்த பாக்கியநாதன், விஜயகலா, எட்டிப் பார்க்க வந்த மூக்கையா எல்லோரும் நின்றார்கள். அப்ஹம் உடைந்த இறக்கைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். வளையத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். கீழே கறுப்பு.

"இது சூட்டில உருகி ஈக்குது" என்றார் தங்கள் ஊர்த் தமிழில். பிறகு துரைக்குச் சிங்களத்தில் விளக்கினார். வளையம் சரியான வட்டமாக இல்லாமல் உரசியிருந்தால் அது எங்கள் பிழை. பூட்டியது கோணல் என்றால் உங்கள் பிழை. இங்கே வைத்துச் சொல்ல முடியாது, கழற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய் அளக்க வேண்டும், ஆறு கிழமை, ஒன்றரை மாதம் ஆகும். பக்கத்தில் நெருப்பு ஏதும் வைத்தீர்களா என்றும் கேட்டார். இங்கே எதற்கு நெருப்பு என்று பெக்டரி ஐயா பதில் சொன்னார். அவர் பூசைக்கு ரோலர் பக்கத்தில்தான் நின்றார், இந்தப் பக்கம் வரவில்லை.

ஆறு கிழமை என்று கேட்டதும் விஜயகலாவுக்கு இன்னும் ஒரு வழி தெரிந்தது. ஆறு கிழமை பொறுத்தால் புது விசிறியே வரலாம். வளையத்தில் ஏதாவது கோணல் தெரிந்தால் போதும். நவம்பர் இல்லாவிட்டால் ஜனவரியில் மேர்சியோடு இடம் மாறிக்கொள்ளலாம்.

துரை பாக்கியநாதனைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். பாக்கியநாதன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கீழ்ப் பக்கத்தில் கால் அங்குல இடைவெளி குறைந்திருக்கலாம் என்று நினைக்கிறேன் என்று சிங்களத்தில் தொடங்கினார்.

"தம்பி, நீ அளந்தது சரி" என்றார் விஜயகலா. "நான்தான் அதுக்கு மேல சூடம் வச்சேன்."

தமிழில் பாக்கியநாதனுக்குச் சொல்லிவிட்டு, அதையே சிங்களத்தில் துரைக்குச் சொன்னார். மூன்று துண்டு வைத்தேன், உருகுவதைப் பார்த்தேன், அணைக்கவில்லை, சந்தனம் பூசி மறைத்தேன். ஒன்றையும் விடவில்லை. மூக்கையா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். பஸ் நிலையம் வரைக்கும் போன கதை அவர் மூலமாகத்தான் போயிருக்க வேண்டும்.

துரை கத்தவில்லை. கொஞ்ச நேரம் சிரித்தார். நீங்கள் விட்டால் டெலிபோனுக்கும் சூடம் கொளுத்துவீர்கள் என்றார். பாக்கியநாதனைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அப்ஹம் மோட்டாரைச் சுற்றிப் பார்த்து, இதை ஓட வைக்கலாம் என்றார். ஆறு இறக்கையில் முதலாவதும் மூன்றாவதும் போய்விட்டன. அப்படியே ஓட்டினால் ஆடி ஆடி மோட்டாரும் போய்விடும். ஐந்தாவது நல்ல இறக்கையையும் கழற்றினால் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று மிச்சம் இருக்கும், பாரம் சமனாகும். அவரும் பாக்கியநாதனும் சேர்ந்து கழற்றிப் பூட்டினார்கள். விஜயகலா குறடு எடுத்துக் கொடுத்தார். புது இறக்கைகள் தனித்தனியாகக் கிடைக்காது, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும். இந்த வருடம் முடியாது என்று துரை சொல்லிவிட்டார். போகும்போது அப்ஹம் விஜயகலாவிடம் வந்து நின்றார்.

"அசிட்டுக்கு இது அசையாது தாத்தா. நெருப்புக்குத்தான் ஒண்டுமில்லாம போயிரும். அந்த ஸ்டிக்கர்ல அதுதான் எழுதி ஈக்குது." அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

விசிறி ஓடியது. புகை சாய்ந்தது. ஆனால் சுவர் வரைக்கும் போகாமல், கொட்டிலின் நடுவில் வந்து தயங்கி நின்றது.

அடுத்த வாரம் மேர்சி வந்தாள். சரியாகப் பத்து நிமிடம் நிற்கிறேன் என்று சொல்லி, கையில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறாவது நிமிடம் வெளியே போய்விட்டாள். வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கோவிச்சுக்காதீங்க அக்கா" என்றாள்.

"நீ இருக்கிற இடத்துல நான் இருந்தா, நானும்தான் வரமாட்டேன்" என்றார் விஜயகலா.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றும். பெக்டரி ஐயா ஒரு புது ஏற்பாடு செய்தார். இனி யாரும் அந்த விசிறியில் கை வைக்கக் கூடாது. சுவிட்சுப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டார். விஜயகலா உண்மையைச் சொன்னவர், அதன் நோய் தெரிந்தவர், ஆகவே அவர்தான் பொறுப்பு. சாவி அவரிடம். காலையில் முதல் ஆளாக வந்து போட வேண்டும், எல்லாரும் போன பிறகு நிறுத்திப் பூட்ட வேண்டும். இதை ஐயா ஒரு மரியாதை மாதிரிதான் சொன்னார். எழுத்தில் போட்டு, சுவரில் ஒட்டினார். இந்தத் தடவை தமிழிலும் எழுதியிருந்தது. பேர் எழுதி ஒட்டிய பிறகு ஓர் ஆளை இடம் மாற்றுவது லேசான காரியம் இல்லை.

நவம்பர் முதலாம் திகதி காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் வாசித்தபோது, "விஜயகலா, ஸ்கிம், ஃபேன்" என்று வந்தது. அவர் கை தூக்கினார். புதுக் கத்தரிக்கோலைக் கலைச்செல்விக்குக் கொடுத்துவிட்டார். அவள் பாடசாலைச் சித்திர வேலைக்கு வைத்திருக்கிறாள்.

நான் ஒரு நாள் நேராகக் கேட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாமே, சித்தி? ஆறு கிழமைதானே? அவர் கோபப்படவில்லை. பாக்கியநாதன் சுவத்துல வட்டம் போட்டு அளந்துகிட்டு இருந்தாரே, அதை யாரு அழிக்கிறது என்று மட்டும் கேட்டார். நான் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, எங்கேயாவது போய்விட வேண்டும் என்று தினமும் பேப்பரில் வேலை தேடிக்கொண்டிருப்பவள். எங்கேயும் போகாமல் இருக்கப் போகிறோம் என்று தெரிந்தும் ஒருவர் வாயைத் திறப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

பாக்கியநாதனை டிசம்பரில் நிரந்தரமாக்கினார்கள். அவர் ருவன்வெல்ல வரைக்கும் போய், தன் கைக்காசில் ஒரு சாமான் வாங்கிக்கொண்டு விஜயகலாவின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கொட்டில் காற்றில் சுவிட்சுப் பெட்டியின் பூட்டும் சாவியும் ஒரு மாதத்தில் துருப்பிடித்துத் திருகக் கஷ்டமாகிவிட்டது, அக்கா தினமும் காலையில் அதோடு மல்லுக்கட்டுகிறார், அதைப் பார்க்க மனது கேட்கவில்லை என்றார். காகிதத்தைப் பிரித்தார். பளபளவென்று ஒரு புதுப் பூட்டு, இரண்டு சாவியோடு.

"இது துருவே பிடிக்காது அக்கா. நல்லா விசாரிச்சுத்தான் வாங்கினேன். இருபது வருசமானாலும் அப்படியே இருக்குமாம்."

விஜயகலா பூட்டைக் கையில் வாங்கி, சாவியை விட்டு ஒரு தடவை திறந்து, ஒரு தடவை பூட்டிப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ தம்பி என்று சொல்லி, அடுப்படிக்குப் போனார். அங்கே இருந்து இருமல் சத்தம் கேட்டது.